கருவியறைக்கு ஒரு காவற்கருவி

தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் பயிலும் மாணவன் மின்கருவிகளைப் பற்றி எழுதப் புகுந்தது யாது கருதி என்று இம்மலரின் வாசகர்கள் வினவக்கூடும். வினா நேரியதே. யாப்பும் அணியும் பயிலும் எனக்கு வாட்டும் டிகிரியும் உறவல்ல. ஆயினும், சென்ற கோடை விடுமுறையில் என் சொந்த ஊராகிய சுந்தரபாண்டியத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி என்னை இத்துறைக்கண் இழுத்துவிட்டது. அவ்விடுமுறையிற் கற்றவற்றையும், கற்குமுன் யான் செய்த பிழையொன்றையும் ஈண்டு எழுதுகின்றேன்.

சுந்தரபாண்டியம் வத்திராயிருப்புக்கு அருகில், மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்த வண்ணம் அமைந்த பேரூர். வயலும் தறியும் அவ்வூரார்க்குச் சோறிடுவன. என் தாய்மாமன் அங்கே கேபிள் நிலையம் ஒன்று நடத்தி வருகின்றார். முன்னர்த் தொலைக்காட்சி மாத்திரம் வழங்கிய அந்நிலையம் இப்பொழுது ஒளியிழை வழியாக வீடுகளுக்கு இணைய இணைப்பும் வழங்குகின்றது. பத்தடி நீளமும் பத்தடி அகலமும் உள்ள ஓர் அறை. அதன் நடுவே ஓர் இரும்புச் சட்டகம். அச்சட்டகத்தில் அடுக்கடுக்காக ஸ்விட்சுகளும், ரௌட்டரும், ஒளியிழைகளுக்குத் தலைமை தாங்கும் ஓ.எல்.டி. என்னும் கருவியும், மூலையில் யு.பி.எஸ். பெட்டியும் அதன் பாட்டரிகளும். சுவரில் ஒரு குளிரூட்டி. அறை இவ்வளவே. ஆயின், நானூறு வீடுகளின் கடிதமும் கல்வியும் கொடுக்கல் வாங்கலும் அவ்வறையின் வழியே செல்கின்றன.

ஒருநாள் பிற்பகல் மின்சாரம் நின்று மூன்று மணி நேரங் கழித்து வந்தது. யு.பி.எஸ். இருந்தமையின் இணைப்பு இடையறவில்லை. ஆதலின் ஒருவரும் ஒன்றையும் ஐயுறவில்லை. மாலை ஆறரை மணிக்கு ஊர் முழுவதும் இணைப்பு அற்றது. மாமா சென்று கதவைத் திறந்தபொழுது சூளையின் வாய் திறந்ததுபோல் அனல் வீசிற்றாம். நடந்தது இது: மின்சாரம் திரும்பிய பின்னர்க் குளிரூட்டி தானே ஓடத் தொடங்கவில்லை. கருவிகள் பாட்டரியின் துணையால் உழைத்துக்கொண்டே இருந்தன. அவற்றின் சூட்டை வெளியேற்றுதற்கு ஒன்றுமில்லை. சூடு எல்லை மீறவே, ஓ.எல்.டி. தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிட்டது.

அன்று ஒரு கல்லூரியின் சேர்க்கை விண்ணப்பத்திற்குக் கடைசி நாள். எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் மூன்று பெண்கள் விண்ணப்பத்தைப் பாதி நிரப்பிய நிலையில் இருந்தனர். கைப்பேசியின் இணைப்பும் அன்று மிக மெலிந்திருந்தது. பஸ் ஏறி வத்திராயிருப்புக்குச் சென்று இருவர் அனுப்பிவிட்டனர். நெசவாளி ஒருவரின் மகளாகிய மூன்றாமவளுக்கு நேரம் கடந்துவிட்டது. மறுநாள் அவள் தந்தை மாமாவின் வாயிலில் வந்து நின்றார்; சண்டையிடவில்லை. "அறை சூடாகுது என்று முன்னமே தெரியாதா தம்பி?" என்று மாத்திரம் கேட்டார். மாமாவிடம் விடையில்லை. அன்றிரவே அவர் என்னை நோக்கி, "மாப்பிள்ளை, நீ படித்தவன், இதற்கு ஒரு வழி பார்" என்றார். யான் படித்தது தொல்காப்பியம் என்று சொல்லத் துணிவில்லை.

நிற்க. அறை ஏன் சூடாகிறது என்பதை முதலில் ஆராய்வோம். இத்தகைய கருவி உண்ணும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிப்படுகின்றது. மாமாவின் அறையிலுள்ள கருவிகள் ஏறத்தாழ 1,000 வாட் உண்கின்றன. அஃதாவது, பூட்டிய அறையில் 1,000 வாட் மின்னடுப்பு ஒன்று இரவும் பகலும் எரிவதை ஒக்கும். பத்தடிக் கன அறையிலுள்ள காற்றின் நிறை 32 கிலோகிராம் அளவினது. ஒரு கிலோகிராம் காற்றை ஒரு டிகிரி சூடாக்க 1,000 ஜூல் போதும். ஆகவே காற்று மாத்திரம் அவ்வெப்பம் முழுவதையும் ஏற்குமாயின், அரை நிமிடத்திற்கு ஒரு டிகிரி ஏறும். சுவரும் தரையும் இரும்பும் வெப்பத்தில் பெரும்பங்கை உறிஞ்சுவதனால் அத்துணை விரைவில் ஏறுவதில்லை. எனினும், பூட்டிய அறையில் சில மணி நேரம் எத்துணை நீண்டது என்பது இக்கணக்கால் விளங்கும். ஒரு டன் குளிரூட்டி 3,500 வாட் அளவு வெப்பத்தை வெளியேற்ற வல்லது. அது இருக்கும்வரை கவலையில்லை. அது நிற்பதை அறிவிப்பார் இல்லாமையே குறை.

அறையின் காற்றை அளந்து காத்தல் எங்கள் பகுதிக்குப் புதியதன்று. இராஜபாளையத்தில் பி. ஏ. சி. இராமசாமி ராஜா அவர்கள் 1936இல் பஞ்சாலை தொடங்கினார். எந்தப் பஞ்சாலையிலும் ஈரப்பதம் குறைந்தால் நூல் அறும். மிகுந்தால் பஞ்சு உருளையில் ஒட்டும். ஆதலின் ஆலைக்கூடங்களில் உலர்குமிழும் ஈரக்குமிழும் கொண்ட இரட்டை உஷ்ணமானி தொங்கும். குளிரூட்டியின் வரலாறும் இத்தகைய தொழிற்கூடங்களோடு பிணைந்ததே. 1902இல் அமெரிக்க நாட்டில் வில்லிஸ் காரியர் என்பார் ஓர் அச்சகத்தின் ஈரத்தை அடக்குதற்கென்றே தம் யந்திரத்தை வகுத்தார். 1906இல் ஸ்டூவர்ட் கிராமர் என்பார் பஞ்சாலைகளைக் கருதியே 'ஏர் கண்டிஷனிங்' என்னும் சொல்லை ஆக்கினார். மனிதனின் உடற்சுகம் பின்னர் வந்தது.

எங்கள் ஊர்க் குழித்தறியும் இவ்வறிவின் வழிப்பட்டதே. தறிகாரர் மண்ணிற் குழி தோண்டி அதில் காலிறக்கி நெய்வதனால், நிலத்தின் ஈரம் பாவிழையைத் தாங்குகின்றது. என் தாத்தா ஆனி ஆடியில் விடியற்காலம் வாசலில் நின்று, "இன்றைக்கு மேல்காற்று, இழை அறும்" என்பார். அவர் கன்னமே அவருக்கு ஈரமானி.

இனி, கருவிக்கு வருவோம். யாங்கள் வாங்கியது உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி. அதன் ஒரு புறத்தில் வலையமைப்புக் கம்பி செருகும் துளை; மறுபுறத்தில் உணரிகளுக்குரிய துளைகள். வெப்பமும் ஈரமும் உணரும் முனைகள் இரண்டு, தரையில் நீர் தேங்கினால் உணரும் கயிறு ஒன்று, கதவு திறந்தால் அறியும் காந்தம் ஒன்று, மின்சாரம் உள்ளதா என்று பார்க்கும் உணரி ஒன்று ஆகியவை உடன் வந்தன. கருவிகள் தம் நிலையை வலையமைப்பின்வழித் தாமே உரைக்கும் வழக்கம் வேடிக்கையாகத் தொடங்கியது என்று படித்தேன். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைக் கணிப்பொறியாளர் சிலர், காப்பிக் குடத்தில் காப்பி உளதா என்று நேரிற் செல்லாமல் அறிதற்பொருட்டு 1991இல் ஒரு காமிராவை அதன்முன் நிறுத்தினர். 2001 வரை அது உலகுக்குக் காட்சியளித்தது. காப்பிக்காகச் செய்த சோம்பல் வீணாகவில்லை.

உணரியை எங்கு வைத்தல் வேண்டும்? இவ்வேலையில் பாதி வெற்றி இதனைப் பொறுத்தது. முதலில் மாமா அதனைக் குளிரூட்டியின் கீழே சுவரில் அடித்துவிட்டார். அது எப்பொழுதும் 19 டிகிரி என்றே காட்டிற்று. சட்டகத்தின் பின்புறம் வைத்தால், கருவிகள் மூச்சுவிடும் வெங்காற்றையே அளக்கும். அளக்கவேண்டியது கருவி உள்ளிழுக்கும் காற்றை. ஆதலின் சட்டகத்தின் முன்புறத்தில், வெங்காற்று மேலெழும் இயல்பினது ஆகையால் மேல் மூன்றிலொரு பங்கில், ஓர் உணரியைக் கட்டினோம். கருவி உள்ளிழுக்கும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருத்தல் நன்று என்பது அமெரிக்க ஆஷ்ரே சங்கத்தார் வகுத்த பரிந்துரை. மற்றோர் உணரியைப் பாட்டரிகளின் அருகில் வைத்தோம். ஈயப் பாட்டரிக்கு 25 டிகிரியே உகந்தது. அதற்குமேல் நிலையாக 10 டிகிரி ஏறினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது அத்தொழிலாரின் கணக்கு. நீருணரும் கயிற்றைக் குளிரூட்டியின் வடிகுழாய்க்குக் கீழே கிடத்தினோம். ஐப்பசி மழையில் அக்குழாய் அடைத்துக்கொண்டால் நீர் அறைக்குள்ளேதான் சொட்டும்.

அடுத்து, கருவிக்கு முகவரி இடுதல். வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் எண்ணால் ஆகிய முகவரி உண்டு. புதுக்கருவி ஆலையிட்ட முகவரியோடு வரும். அன்றி, ரௌட்டர் தருவதை ஏற்கும். ரௌட்டர் தரும் முகவரி மாறக்கூடியது. காவலன் வீடு மாறிக்கொண்டிருந்தால் அவனை எங்குச் சென்று கேட்பது? ஆதலின், மடிக்கணினியைக் கம்பியால் நேரே இணைத்து, அதன் முகவரியையும் கருவியின் எண்வரிசைக்குத் தற்காலிகமாக மாற்றி, கருவியின் பக்கத்தைத் திறந்து, 192.168.1.50 என்று நிலையான முகவரி இட்டோம். வேறு எக்கருவிக்கும் அவ்வெண் இல்லை என்று முன்னரே பார்த்துக்கொள்ளல் வேண்டும். உடனே கடவுச்சொல்லை மாற்றினோம். எஸ்.என்.எம்.பி. என்னும் முறையில் கருவிகள் ஒன்றையொன்று வினவுதற்குப் 'பப்ளிக்' என்பதே பல கருவிகளில் தொடக்கச் சொல்லாக உளது. ஊரறிந்த அச்சொல்லை விட்டுவைத்தல் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுதலாகும். அம்முறையின் மூன்றாம் பதிப்பு மறைமொழி உடையது. கருவி அதனை ஏற்குமாயின் அதனையே கொள்க. நேரத்தையும் இந்திய நேரத்திற்கு அமைத்தல் இன்றியமையாதது. இரவு இரண்டு மணிக்கு நேர்ந்ததை முந்தின நாள் இரவு எட்டரை மணி என்று எழுதிவைக்கும் குறிப்பேடு எதற்கு உதவும்?

பின்னர் எல்லைகளைக் குறித்தோம். 30 டிகிரியில் எச்சரிக்கை, 35 டிகிரியில் ஆபத்து. முதல் நாள் இரவே முப்பதைத் தொட்டும் விட்டும் அலைந்த வெப்பத்தால் என் கைப்பேசியில் நாற்பத்தொரு செய்திகள் வந்தன. மாமா தம் கைப்பேசியின் வாயை அடைத்துவிட்டு உறங்கினார். புலி வருகிறது என்று நாள்தோறும் கூவினால் மெய்ப்புலி வரும்நாளில் எவர் எழுவார்? இதற்கு இரண்டு பரிகாரம் உண்டு. எல்லையைக் கடந்து இரண்டு நிமிடம் நிலைத்தாலன்றிக் கூவாதே என்று கருவிக்குக் கட்டளையிடுதல் ஒன்று. ஒருமுறை கூவியபின் 28 டிகிரிக்குக் கீழே இறங்கினாலன்றி நலம் என்று சொல்லாதே என்பது மற்றொன்று. இவ்விரண்டும் செய்தபின் கருவி வாயடங்கிற்று.

இனி என் பிழை. எல்லாம் அமைந்தன என்று கருதி, ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தபின் மாமாவையும் அத்தையையும் அழைத்து, "இப்பொழுது பாருங்கள்" என்று சொல்லி முதன்மை மின்விசையை நிறுத்தினேன். ஒரு செய்தியும் வரவில்லை. ஐந்து நிமிடம் கழிந்தும் வரவில்லை. காவற்கருவியை யான் யு.பி.எஸ்.ஸில் செருகாமல் சுவரிலிருந்த சாதாரணத் துளையில் செருகியிருந்தேன். மின்சாரம் நின்றவுடன் முதலில் மாண்டது காவலனே. அத்தை வாய்விட்டுச் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை, அந்நெசவாளியின் வினா அவர் செவியில் இன்னும் ஒலித்திருக்கும்.

அப்பிழை மற்றொன்றையும் எண்ணச் செய்தது. செய்தி செல்லும் வழி யாது? காவற்கருவி மின்னஞ்சலை அதே ஸ்விட்சின் வழியாக, அதே ரௌட்டரின் வழியாக அனுப்புகின்றது. அவை அணைந்தால் அச்செய்தியும் அணையும். வீடு எரியும்பொழுது அவ்வீட்டின் உள்ளே கட்டிய மணியையே நம்புவது போன்றது இது. ஆதலின், சிம் அட்டை பொருந்திய சிறு மோடம் ஒன்றை இணைத்துக் குறுஞ்செய்தி தனிவழியே செல்லுமாறு செய்தோம். அதுவும் போதாது, கருவியே இறந்தால் என் செய்வது? மாமாவின் வீட்டிலுள்ள பழைய கணினியொன்று ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை கருவியை வினவும். மும்முறை விடையின்றேல் அக்கணினியே மணியடிக்கும். கருவி பேசாமையையும் ஒரு செய்தியாகக் கொள்ளும் இவ்வேற்பாட்டையே யான் இம்முயற்சியில் மிகவும் மதிக்கின்றேன்.

உணரி உண்மை பேசுகின்றதா என்று சோதித்தலும் எளிதே. சமையலுப்பில் சில துளி நீர்விட்டுக் கூழாக்கி, ஒரு சிறு கிண்ணத்தில் இட்டு, அதனையும் உணரியையும் மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் ஓரிரவு வைத்தால், ஈரப்பதம் நூற்றுக்கு 75 என்று காட்டல் வேண்டும். உப்புநீர் உணரியைத் தொடலாகாது. எங்கள் உணரி 73 காட்டிற்று. அது போதும். அறையிற் பொருத்தியபின் தாத்தாவை உள்ளே அழைத்து வந்தேன். அவர் ஒரு கணம் நின்று, "ஏலே, இது தறிக்கு ஆகாத அறை, இழை நொறுங்கிப்போகும்" என்றார். கருவி ஈரம் 34 என்று காட்டியது. தறிக்கு ஆகாத அவ்வீரம் யந்திரத்திற்குத் தீங்கன்று. ஆயின் அதனை எண் பாராமலே அவர் சொன்னார்.

விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பினேன். ஜூன் மாத இறுதியில் ஓரிரவு 2 மணி 17 நிமிடத்திற்குக் கைப்பேசி அதிர்ந்தது: மின்சாரம் உள்ளது, முன்புற வெப்பம் 31, ஏறுகின்றது. குளிரூட்டியின் கப்பாசிட்டர் பழுதுற்றது பின்னர்த் தெரிந்தது. அறைத்தோழன் விழிக்காதவாறு தாழ்வாரத்திற்கு வந்து மாமாவை அழைத்தேன். மணி ஒருமுறை அடிப்பதற்குள் எடுத்தார். "மாப்பிள்ளை, நான் அறையிலேதான் நிற்கிறேன். கதவைத் திறந்து பெரிய விசிறியை வைத்துவிட்டேன். நீ போய்ப் படு" என்றார். விசிறியின் இரைச்சல் அவர் குரலுக்குப் பின்னே கேட்டது. யான் படுக்கவில்லை, தாழ்வாரத்தில் நின்று, 33, 32, 31 என்று எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு மணிக்கு அது 29 ஆயிற்று.

அப்பெண் பின்னர் இரண்டாம் முறை விண்ணப்பத்தில் இடம் பெற்றாள். விரும்பிய பாடத்தில் அன்று, வேறொன்றில்.