காஸ்ட்கோ கார்டு போடலாமா, தங்கச்சி?

அமெரிக்காவுக்கு வந்து குடித்தனம் ஆரம்பிச்ச முதல் மாசத்துலயே யாராவது ஒருத்தர் சொல்லிடுவாங்க: "காஸ்ட்கோ கார்டு போட்டுடு, அங்க எல்லாமே மலிவு." எல்லாமே மலிவு இல்ல தங்கச்சி. சில சாமான் ரொம்ப மலிவு, சிலதுல பெரிய வித்தியாசம் இருக்காது, இன்னும் சிலது விலை குறைவா இருந்தும் நம்ம வீட்டுக்கு நஷ்டம். அதனால வருஷச் சந்தா 65 டாலரைக் கட்டுறதுக்கு முன்னாடி, போன மாசம் உங்க வீட்டுல என்னென்ன சாமான் முழுசாத் தீர்ந்ததுன்னு ஒரு காகிதத்துல எழுது. வாங்கினதை எழுதாதே, தீர்ந்ததை மட்டும் எழுது. கார்டு போடலாமா வேண்டாமாங்கிறதை அந்தப் பட்டியலே பாதி சொல்லிடும்.

அவங்க பக்கத்துக் கணக்கையும் தெரிஞ்சுக்கோ. 1976-ல சான் டியேகோவுல சோல் பிரைஸ்ங்கிறவர் ஒரு பழைய விமானக் கொட்டகையில 'பிரைஸ் கிளப்'னு திறந்தார். சந்தா கட்டினவங்களுக்கு மட்டும் விக்கிற இந்தக் கிடங்குக் கடைகளுக்கு அதுதான் மூத்தது. காஸ்ட்கோ 1983-ல சியாட்டில்ல வந்துச்சு, 1993-ல ரெண்டும் ஒண்ணாச்சு. சரக்கு மேல 14, 15 சதவீதத்துக்கு மேல ஏத்தி விக்கிறதில்லைங்கிறது அவங்க வழக்கம். சாதாரண சூப்பர் மார்க்கெட்ல 30,000 வகைச் சாமானாவது இருக்கும், இங்க சுமார் 4,000தான். லாபத்துல பெரும் பங்கு சந்தாவுல இருந்துதான். 2024 நிதியாண்டுல சந்தாவா மட்டும் 480 கோடி டாலருக்கு மேல வந்திருக்கு. நீ கடை வாசல்ல காலே வைக்கலைன்னாலும் உன் 65 டாலர் அவங்களுக்குப் போயாச்சு. அதை மீட்டு எடுக்க வேண்டியது நீதான்.

மீட்குறதுக்கு எல்லாத்தையும்விட சுலபமான வழி பெட்ரோல். அக்கம்பக்க பங்க்கைவிட அங்க ஒரு கேலனுக்கு 20 சென்ட் குறைவுன்னு வச்சுக்கோ. உங்க ரெண்டு கார்லயும் சேர்த்து வாரத்துக்கு 12 கேலன் போடுறீங்கன்னா வாரம் 2 டாலர் 40 சென்ட் மிச்சம், வருஷத்துக்கு 124 டாலர் 80 சென்ட். கார்டுக் காசு அதுலயே வந்துடுது. ஒரே கார், அதுவும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான் டேங்க் நிரப்புவீங்கன்னா 62 டாலர் 40 சென்ட்தான், சந்தாவைத் தொடக்கூடக் காணாது. ஆனா உங்க ஊர்ல வித்தியாசம் எவ்வளவுன்னு நீயே பார்க்கணும். கடை வீட்டுல இருந்து 20 மைல்ன்னா, பெட்ரோலுக்குன்னே போகாதே, போற வழியிலேயே அந்த மிச்சம் கரைஞ்சுடும்.

இப்போ சமையலறை. நம்ம வீடுகளுக்கு அங்க எனக்குப் பிடிச்ச முதல் சாமான் உப்பில்லாத வெண்ணெய், ஒவ்வொரு பவுண்டா நாலு கட்டி சேர்ந்த பெட்டி. அடி கனமான பாத்திரத்துல மிதமான தீயில வச்சு உருக்கு. முதல்ல சடசடன்னு சத்தம் வரும், நுரை கட்டும். சத்தம் அடங்கி, அடியில கசண்டு பொன்னிறமா மாறும்போது ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையைப் போட்டு அடுப்பை அணைச்சுடு. இங்க விக்கிற வெண்ணெயில 80 சதவீதம் கொழுப்பு இருக்கணும்னு சட்டமே இருக்கு, அதனால ஒரு பவுண்டுக்கு முக்கால் பவுண்டு நெய் தாராளமா நிக்கும். கடையில விக்கிற நெய் பாட்டிலோட அவுன்ஸ் விலையையும் இதையும் வச்சுப் பாரு, அப்புறம் நெய் பாட்டில் பக்கமே போக மாட்டே.

பாதாம், முந்திரி, வால்நட், பிஸ்தாவும் அங்க வாங்கலாம். வந்த அன்னைக்கே சின்னச் சின்னப் பையில பிரிச்சு ஃப்ரீசர்ல போட்டுடு, மாசக்கணக்குல கெடாது. ஊருக்குப் போறப்போ சொந்தக்காரங்களுக்குக் கொண்டுபோற பாதாம், சாக்லெட்டுக்கும் அந்தக் கடைதான் சரி. கைக்குழந்தை இருந்தா டயப்பர், துடைக்கிற வைப்ஸ் ரெண்டுலயுமே கார்டுப் பணம் வந்துடும். 20 பவுண்டு பாஸ்மதி மூட்டையும் சரிதான். ஆனா இட்லி அரிசி, உளுந்து, துவரம் பருப்பு, புளிக்கெல்லாம் இந்தியன் ஸ்டோர்தான். அதுக்கு காஸ்ட்கோவை நம்பி நிக்காதே.

ரெண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டுல கையே வைக்கக் கூடாதது சிலது இருக்கு. ஒரு பவுண்டு பேபி ஸ்பினாச் டப்பா பார்க்க ஆசையாத்தான் இருக்கும், நாலாம் நாள் அடியில கொழகொழன்னு ஆயிடும். வாங்கித்தான் ஆகணும்னா அன்னைக்கே பாதியை வதக்கி ஃப்ரீசர்ல வச்சுடு. பெரிய கேன் எண்ணெய் தீர்றதுக்குள்ள சிக்கு வாடை அடிச்சிடும். மிளகுத்தூள், பூண்டுத்தூள் மாதிரி பெரிய டப்பா மசாலா எல்லாம் பாதியில மணம் போயிடும், அப்புறம் அது வெறும் தூசிதான். குப்பையில போற பாதிக்கும் சேர்த்துத்தானே காசு கொடுத்திருக்கோம்? அதையும் கூட்டிப் பார்த்தா தெருக்கோடிக் கடையே மலிவா வரும்.

விலை அட்டையை எப்படிப் படிக்கணும்னு சொல்றேன். பெரிய எழுத்துல இருக்கிற விலையை விடு, ஓரத்துல சின்னதா ஒரு பவுண்டுக்கோ அவுன்ஸுக்கோ எவ்வளவுன்னு போட்டிருக்கும், அதைப் பாரு. ஒரு கடையில பவுண்டுக்கும் இன்னொரு கடையில அவுன்ஸுக்கும் போட்டிருந்தா, 16 அவுன்ஸ் ஒரு பவுண்டுங்கிறதை மறக்காதே. விலை 97 சென்ட்ல முடிஞ்சா பெரும்பாலும் அது குறைச்ச விலை. மேல் மூலையில நட்சத்திரக் குறி இருந்தா அந்தச் சரக்கு மறுபடி வர்றது சந்தேகம், வழக்கமா வாங்குற பொருள்னா அப்பவே எடுத்துக்கோ. வாங்கின 30 நாளுக்குள்ள அங்கேயே விலை இறங்கினா வித்தியாசத்தைக் கேட்டு வாங்கலாம். இதைக் கேட்கக் கூச்சப்படாதே, அது உன் காசு.

130 டாலர் எக்ஸிக்யூட்டிவ் கார்டை கவுன்டர்ல நிச்சயம் எடுத்துச் சொல்லுவாங்க. வாங்குறதுல 2 சதவீதம் திரும்பி வரும், ஆனா பெட்ரோலுக்குக் கிடையாது. கூடுதலாக் கொடுக்கிற 65 டாலர் திரும்பி வரணும்னா வருஷத்துக்கு 3,250 டாலருக்குச் சாமான் வாங்கணும், மாசத்துக்கு 271 டாலர். புதுசா வந்த ரெண்டு பேருக்கு இது வேண்டாம். குழந்தைங்க பிறந்து, அப்பா அம்மாவும் வந்து தங்குற காலத்துல பார்த்துக்கலாம்.

ஒரு சந்தாவுக்கு அதே முகவரியில இருக்கிற இன்னொருத்தருக்கு இலவசமா ஒரு கார்டு உண்டு. உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒண்ணே போதும். ரூம்மேட்டோட இருக்கிற தம்பிங்க ரெண்டு பேரும் ஆளுக்கு 32 டாலர் 50 சென்ட் போட்டுக்கலாம். கிரெடிட் கார்டுன்னா அங்க விசா மட்டும்தான் செல்லும், டெபிட் கார்டு எடுத்துக்கிட்டுப் போ.

கார்டு போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை தோழி யாரோடயாவது போய்ப் பாரு. சந்தாதாரர் ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டுப் போகலாம், பணம் மட்டும் அவங்கதான் கட்டணும். மருந்து வாங்க கார்டே தேவையில்ல, வாசல்ல ஃபார்மஸிக்குன்னு சொன்னா விட்டுடுவாங்க. காஸ்ட்கோ ஷாப் கார்டு யாராவது பரிசாக் கொடுத்தா அதை வச்சும் சாமான் வாங்கலாம். இன்ஸ்டாகார்ட்ல சந்தா இல்லாமலே வீட்டுக்கு வரவழைக்கலாம், ஆனா விலையை ஏத்தித்தான் போடுவாங்க.

பக்கத்துல சாம்ஸ் கிளப் இருந்தா அதையும் பாரு, அது 50 டாலர். போன்லயே ஸ்கேன் பண்ணிப் பணம் கட்டிட்டு வரிசையில நிக்காம வெளியே வந்துடலாம், கைக்குழந்தையோட போறவங்களுக்கு அது பெரிய உதவி. கிழக்குக் கரையோர ஊர்களில பிஜேஸ் இருக்கும், அங்க கம்பெனி கூப்பனும் எடுத்துப்பாங்க. எது வீட்டுக்குப் பக்கமோ அதுதான் நல்லது, மூணுலயும் சந்தா கட்டி வச்சுக்கிறது வீண்.

கார்டு போட்ட பிறகும் ஒரு நோட்டுல மாசாமாசம் மிச்சத்தைக் குறிச்சுக்கிட்டு வா. கட்டுப்படியாகலைன்னு தோணினா சந்தா முடியுறதுக்குள்ள மெம்பர்ஷிப் கவுன்டர்ல போய்ச் சொல்லு, முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்துடுவாங்க. தானாப் புதுப்பிக்கிற கட்டத்துல மட்டும் டிக் போட்டுடாதே. சந்தா முடியுற சமயத்துல ஊருக்குக் கிளம்புறீங்கன்னா அவசரப்பட்டுப் புதுப்பிக்க வேண்டாம். முடிஞ்சு 2 மாசத்துக்குள்ள கட்டினா பழைய தேதியில இருந்தே 12 மாசம் எண்ணுவாங்க, 2 மாசம் தாண்டிட்டா கட்டுற நாள்ல இருந்துதான் எண்ணுவாங்க. மூணு மாசம் ஊர்ல இருந்துட்டு வந்து, ஃப்ரிட்ஜை நிரப்பப் போற அன்னைக்குக் கட்டினாப் போதும்.