பக்கிங்காம் கால்வாயின் நீர்ப்பூட்டுகள்

ஆந்திரத்தின் பெத்தகஞ்சம் முதல் தமிழகத்தின் மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கி.மீ. தொலைவு கடற்கரையை ஒட்டியே செல்வது பக்கிங்காம் கால்வாய். அதில் 163 கி.மீ. தமிழகப் பகுதி. மேற்கிலிருந்து கடலுக்கு வரும் ஆறுகளை எல்லாம் இக்கால்வாய் குறுக்கே கடந்தாக வேண்டும். கொற்றலை, கூவம், அடையாறு, பாலாறு ஆகியவை நமக்குத் தெரிந்த சில. கால்வாயை வெட்டுவதைவிட இந்த ஆறுகளைக் கடப்பதே பெரும்பாடாக இருந்தது.

இக்கால்வாயில் நிற்பது உப்புநீர். கழிமுகங்களின் வழியே ஏறி இறங்கும் கடல் ஓதமே அதற்கு நீரூட்டுகிறது. ஓதம் தாழும்போது கால்வாய்நீர் ஆற்றுக்குள் வடிந்தால் படகு தரைதட்டும். மழைக்காலத்திலோ ஆற்றுவெள்ளம் மணலையும் சேற்றையும் சுமந்து கால்வாய்க்குள் புகும். இரண்டையும் தடுத்துப் படகுக்கு மட்டும் வழிவிட எழுந்தவையே நீர்ப்பூட்டுகள். 'லாக்' என்னும் ஆங்கிலப் பெயராலும் அவை வழங்கின.

நீர்ப்பூட்டு என்பது இருபுறமும் சுவர் எழுப்பி, முன்னும் பின்னும் இரட்டைக் கதவுகள் அமைத்த ஒரு நீரறை. படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவை அடைப்பர். முன்புறச் சிறுமதகைத் திறந்தால் அறையின் நீர் ஏறியோ இறங்கியோ ஆற்றுமட்டத்தை அடையும். பிறகே முன்கதவு திறக்கும். கதவுகள் இரண்டும் உயர்ந்த நீர்மட்டத்தை நோக்கிக் கூம்பியிருப்பதால், நீரின் அழுத்தமே அவற்றை இறுக மூடும். ஆனால் ஓதம் பாயும் இடங்களில் எப்பக்கம் நீர் உயரும் என்பது வேளைக்கு வேளை மாறும். ஆகவே இருதிசை நோக்கிய கதவுகளும் தேவைப்படும்.

சென்னையிலிருந்து எண்ணூர் வரையிலான முதற்பகுதி 1806இல் பேசில் காக்ரேன் என்பவரின் முயற்சியால் அமைந்தது. 1837இல் அரசு அதனை ஏற்றது. தாதுவருடப் பஞ்சத்தின்போது (1876-78), கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கி.மீ. பகுதி நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. சென்னை மாகாண நிவாரணப் பணிகளில் 1877இன் தொடக்கத்தில் ஓர் ஆணின் நாட்கூலி ஏறத்தாழ 450 கிராம் தானியமும் ஓரணாவுமாகக் குறைக்கப்பட்டது. அது உயிர்தாங்கப் போதாது என்று மருத்துவர் கார்னிஷ் வாதிட்டார். கால்வாய்க்கோ ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் நிலைத்தது. மண் சுமந்தவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை.

நெல்லும் உப்பும் விறகும் இவ்வழியே சென்னைக்கு வந்தன. மாமல்லபுரத்துக்குப் படகில் சென்ற பாரதிதாசன், அப்பயணத்தை 'மாவலிபுரச் செலவு' என்று பாடினார். சாலையும் இருப்புப்பாதையும் பெருகியபின் படகுகள் அருகின. 1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. காக்கும் கதவு பழுதானால் வெள்ளத்தோடு வரும் மண் தானே கால்வாயை மூடிவிடும்; பகைவர் வேண்டுவதில்லை. நகரின் கழிவுநீரும் அதில் கலந்தது.

2008இல் இந்நீர்வழி தேசிய நீர்வழி 4இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது. மீண்டும் படகு செல்லத் தூர்வாருவது எளிய பகுதிதான். ஆறுகள் குறுக்கிடும் இடங்களில் பழைய சிக்கல் அப்படியே காத்திருக்கிறது. சென்னைக்குள்ளோ பறக்கும் தொடர்வண்டியின் தூண்கள் கால்வாயின் நடுவிலேயே நிற்கின்றன.