வட்டி என்னும் கடிவாளம்

ஒரு ரூபாய் நோட்டு ஒன்றும் நூறு ரூபாய் நோட்டு ஒன்றும் கிடைத்தால் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரு ரூபாய் நோட்டில் மத்திய அரசின் நிதித்துறைச் செயலாளர் கையொப்பம் இட்டிருப்பார். நூறு ரூபாய் நோட்டில் இருப்பதோ இந்திய ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையொப்பம். அத்துடன், இத்தொகையைத் தருவதாக அவர் அளிக்கும் உறுதிமொழியும் அச்சிடப்பட்டிருக்கும்.

ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1 அன்று தொடங்கப்பட்டது. 1949 ஜனவரி 1 அன்று நாட்டுடைமை ஆக்கப்பட்டது. நீங்களும் நானும் அங்கே கணக்குத் தொடங்கிப் பணம் போட முடியாது. அது வங்கிகளுக்கு வங்கி. இத்தகைய வங்கியை மைய வங்கி என்பர். நோட்டு வெளியிடுவது மட்டும் அதன் வேலை அன்று. நாட்டில் புழங்கும் பணத்தின் அளவையும் கடனின் விலையையும் நெறிப்படுத்துவது அதைவிடப் பெரிய வேலை. இதற்கு அது வகுக்கும் வழிமுறையே பணவியல் கொள்கை.

பணம் பெருகும் விதம்

ஒருவர் வங்கியில் 1,000 ரூபாய் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வங்கி அதில் 100 ரூபாயை ரிசர்வ் வங்கியில் இருப்பாக வைத்துவிட்டு, 900 ரூபாயை ஒரு தையற்காரருக்குக் கடன் தருகிறது. அவர் துணி வாங்குகிறார். துணிக்கடைக்காரர் அந்த 900 ரூபாயைத் தம் வங்கியில் போடுகிறார். அந்த வங்கி 90 ரூபாயை ஒதுக்கிவிட்டு 810 ரூபாயைக் கடன் தருகிறது. இப்படியே போனால் 1,000, 900, 810, 729... என்று வைப்புத்தொகைகள் சேர்ந்து 10,000 ரூபாய் வரை வளரக்கூடும்.

இங்கே நூற்றுக்குப் பத்து என்று ஒதுக்கினோம் அல்லவா? இதுதான் ரொக்க இருப்பு விகிதம். இதை உயர்த்தினால் கடன் கொடுக்கும் வசதி குறையும், தாழ்த்தினால் கூடும். 1989-இல் நம் நாட்டில் இது 15 சதவீதமாக இருந்தது. இன்று இதைவிட மிகுதியாகப் பேசப்படுவது வேறொரு கருவி.

ரெப்போ விகிதம்

வங்கிகளுக்கும் சில நாள்களில் கைமாற்று தேவைப்படும். அப்போது அரசுக் கடன் பத்திரங்களை ஈடாகக் கொடுத்து ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலக் கடன் வாங்கும். அதற்கான வட்டியே ரெப்போ விகிதம். இது உயர்ந்தால் வங்கிகளும் தாம் தரும் கடனுக்கு வட்டியை உயர்த்தும். வீடு கட்ட நினைத்தவர் தயங்குவார். ஆலை முதலாளி புதிய இயந்திரத்தைத் தள்ளிப்போடுவார். வாங்குவோர் குறைந்தால் விலை ஏறும் வேகமும் குறையும். விகிதத்தைத் தாழ்த்தினால் இதற்கு நேர்மாறாக நடக்கும்.

2016 முதல், சில்லறை விலைப் பணவீக்கம் 4 சதவீதத்தை ஒட்டி, 2-க்கும் 6-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது இலக்கு. இதற்காக விகிதத்தை முடிவு செய்வது ஆறு பேர் கொண்ட குழு. வாக்குகள் சமமானால் ஆளுநரின் வாக்கு முடிவைத் தீர்மானிக்கும்.

மூன்று ஆண்டுகளின் கதை

2020-இல் பெருந்தொற்றால் கடைகளும் ஆலைகளும் மூடப்பட்டன. செலவு செய்வோர் இல்லாமல் பொருளாதாரம் படுத்துவிடக் கூடாது என்று, ரிசர்வ் வங்கி மே மாதத்துக்குள் ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்துக்குக் குறைத்தது. அதாவது கடிவாளத்தைத் தளர்த்தியது.

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியது. கச்சா எண்ணெயும் சமையல் எண்ணெயும் விலை ஏறின. ஏப்ரலில் பணவீக்கம் 7.79 சதவீதத்தை எட்டியது. மே 4 அன்று ரிசர்வ் வங்கி விகிதத்தை 4.40 ஆக உயர்த்தியது. படிப்படியாக ஏற்றி 2023 பிப்ரவரியில் 6.50 ஆக்கியது. 2023 மே மாதத்தில் பணவீக்கம் 4.3 சதவீதம் அளவுக்கு இறங்கியிருந்தது. எண்ணெய் முதலியவற்றின் விலை உலகச் சந்தையில் தணிந்ததும் இதற்கு உதவியது.

இந்த 2.5 சதவீத உயர்வு ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு சுமை? 20 ஆண்டுகளில் அடைக்க வேண்டிய 20 லட்ச ரூபாய் வீட்டுக் கடனை எடுத்துக்கொள்வோம். வட்டி 7 சதவீதமானால் மாதத் தவணை சுமார் 15,506 ரூபாய். 9.5 சதவீதமானால் சுமார் 18,643 ரூபாய். மாதம் 3,137 ரூபாய் கூடுதல்!

வட்டியால் தக்காளி காய்க்குமா?

2023 ஜூலையில் தக்காளி உள்ளிட்ட காய்கறிகளின் விலை எகிறியதால் பணவீக்கம் மீண்டும் 7.44 சதவீதம் ஆயிற்று. ஆனால் ரிசர்வ் வங்கி விகிதத்தை உயர்த்தவில்லை. ஏன்? வட்டி, வாங்குவோரின் கையைத்தான் கட்டுப்படுத்தும், விளைச்சலைக் கூட்டாது. அதன் பலன் தெரியவும் பல மாதங்கள் ஆகும். தக்காளியோ அடுத்த அறுவடையில் வந்துவிடும். அப்படியே நடந்தது. செப்டம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 5 சதவீதத்துக்கு இறங்கியது.

அளவு மிகுந்தால் இம்மருந்து கடுமையானது. 1980 மார்ச்சில் அமெரிக்காவில் பணவீக்கம் 14 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அந்நாட்டு மைய வங்கியின் தலைவர் பால் வோல்க்கர் பிடியை இறுக்க, வங்கிகளுக்கிடையே ஓரிரவுக் கடனுக்கான வட்டி 20 சதவீதத்தை ஒட்டி உயர்ந்தது. 1982 இறுதியில் பணவீக்கம் 4 சதவீதத்துக்குக் கீழே வந்தது. ஆனால் உழைப்பாளர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் வேலையின்றி நின்றனர். விலைவாசி, வேலை இரண்டையும் ஒருசேர எடைபோட வேண்டியிருப்பதால்தான் இந்த முடிவுகள் கடினமானவை.

நீங்களே செய்து பாருங்கள்

1. ரொக்க இருப்பு விகிதம் 20 சதவீதமானால், 1,000 ரூபாய் எவ்வளவு வரை பெருகக்கூடும்?

2. வட்டி உயரும்போது உங்கள் தெருவில் யாருக்கு நன்மை, யாருக்குச் சிரமம்? வங்கியில் சேமிப்பு வைத்திருக்கும் முதியவரையும், கடனில் ஆட்டோ வாங்கியவரையும் நினைத்துப் பாருங்கள்.

(முதல் கணக்கின் விடை: 5,000 ரூபாய்.)