இடமா வலமா? மூக்குக்கும் மூளைக்கும் சில குறிப்புகள்

திருவனந்தபுரத்தில் யோகப் பயிற்சிக்குப் பஞ்சம் கிடையாது. நெய்யாறு அணைக்கட்டை ஒட்டி, சுவாமி விஷ்ணுதேவானந்தர் தொடங்கிய சிவானந்த ஆசிரமம் 1978 முதல் இருக்கிறது. அதற்கும் வெகுகாலம் முன்பே, தைக்காட்டு ரெசிடென்சியில் சூப்பிரண்டு உத்தியோகம் பார்த்த தைக்காடு ஐயா என்ற தமிழர், நாராயண குருவுக்கும் சட்டம்பி சுவாமிகளுக்கும் யோகம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். எந்த மூக்கில் மூச்சு ஓடுகிறது என்று, அதாவது 'சரம்' பார்த்துவிட்டுக் காரியம் தொடங்கும் வழக்கமும் பழையதுதான். பரீட்சை நெருங்கினால், "பிள்ளைக்கு எந்தப் பக்கம் ஓடினால் நல்லது?" என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். வீட்டில் செய்து பார்க்கக்கூடியதும், செய்யவே கூடாததும் கீழே.

1. எந்தப் பக்கம் மூச்சு ஓடுகிறது என்று தெரிய ஒரு எவர்சில்வர் தட்டு போதும். நன்றாகத் துடைத்து, மூக்குக்குக் கீழே படுக்கையாகப் பிடித்து, வாயை மூடி மெதுவாக மூச்சு விடுங்கள். இரண்டு ஆவித் திட்டுகள் விழும். எது பெரிதாக விழுந்து தாமதமாகக் கலைகிறதோ அந்தப் பக்கம்தான் ஓட்டம். தட்டை ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்கச் சொல்வார்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அது வேலைக்காகாது. வெளியே எடுத்த மாத்திரத்தில் தட்டு முழுக்கத் தானே வேர்த்துவிடும்.

2. ஒரு மூக்கு லேசாக அடைத்திருந்தால் உடனே சளி என்று முடிவு கட்ட வேண்டாம். மூக்கின் உட்சுவரில் உள்ள சதை மடிப்புகளில் ஒரு பக்கம் ரத்தம் நிறைந்து வீங்கும்போது, மறுபக்கம் வடிந்து சுருங்கும். சில மணி நேரத்தில் இது மாறும். நம் இஷ்டத்துக்குக் கட்டுப்படாத தானியங்கி நரம்புகளின் வேலை இது. கைசர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1895இல் இதை எழுதி வைத்தார். நம் சரநூல்காரர்கள் அதற்கு எத்தனையோ காலம் முன்பே கவனித்த சங்கதி. எல்லாருக்கும் கடிகாரம் போல ஒரே கணக்கில் மாறாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. பக்கம் மாற்ற வேண்டுமா, ஒருக்களித்துப் படுங்கள். கீழே இருக்கும் மூக்கு அடைத்து, மேலே இருப்பது திறக்கும். கொஞ்சம் பொறுத்திருந்தால் தெரியும். சாப்பிட்டபின் இடப்பக்கம் சாய்ந்து படுக்கச் சொல்வது வலது மூக்கில் 'சூரிய கலை' ஓடிச் சீரணம் ஆகட்டும் என்றுதான். நெஞ்செரிச்சல்காரர்களை இடப்பக்கமாகப் படுக்கச் சொல்லும் இன்றைய டாக்டர்கள் வேறு காரணம் சொல்கிறார்கள்: அப்படிப் படுத்தால் இரைப்பை அமிலம் மேலே ஏறுவது குறைகிறது.

4. படுக்க முடியாத இடத்தில், துண்டை இறுக்கிச் சுருட்டி ஒரு அக்குளில் வைத்துக் கையால் அழுத்திக்கொண்டு உட்காருங்கள். எதிர்ப்பக்க மூக்கு மெல்லத் திறக்கும். படங்களில் முனிவர்கள் ஊன்றியிருக்கும் யோக தண்டத்துக்கு இந்த உபயோகமும் உண்டு.

5. திங்கள், புதன், வெள்ளி இடது. செவ்வாய், சனி, ஞாயிறு வலது. வியாழனுக்கு வளர்பிறையில் இடது, தேய்பிறையில் வலது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் சொல்லும் வாரசரக் கணக்கு இது. விடிந்ததும் பார்த்துக்கொள்வதில் தப்பில்லை. சரம் மாறட்டும் என்று காத்திருந்து தம்பானூரில் ரயிலைக் கோட்டைவிடாமல் இருந்தால் சரி.

6. இப்போது பரீட்சைக்கு வருவோம். இடது மூக்கு வலது மூளையையும், வலது மூக்கு இடது மூளையையும் எழுப்புகிறது, ஆகவே கணக்குக்கு ஒரு மூக்கு, டிராயிங்குக்கு ஒரு மூக்கு என்று பரவலாகச் சொல்கிறார்கள். ஆதாரமே இல்லாத பேச்சு என்றும் தள்ள முடியாது. கலிஃபோர்னியா ஆராய்ச்சியாளர்கள் 1983இல் வெளியிட்ட ஆய்வில், எந்த மூக்கு திறந்திருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்க மூளையின் மின்னலைகள் ஓங்கியிருந்தன. ஆனால் 1989இல் வெளியான இன்னொரு ஆய்வில் ஆண்களுக்கு ஒரு மாதிரியும் பெண்களுக்கு வேறு மாதிரியும் வந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது பெங்களூர் விவேகானந்த கேந்திர யோக ஆராய்ச்சிக்காரர்கள் 1997இல் வெளியிட்டதுதான். 10 முதல் 17 வயது வரையிலான 108 பள்ளிப் பிள்ளைகளை நாலு அணியாகப் பிரித்தார்கள். ஒரு அணிக்கு வலது மூக்கு, ஒன்றுக்கு இடது, ஒன்றுக்கு மாறி மாறி. நாலாவது அணி எதையும் அடைக்காமல் மூச்சைக் கவனித்தது மட்டும். பத்து நாள் பயிற்சிக்குப் பின், இடங்களை நினைவில் வைக்கும் சோதனையில் நாலு அணிக்குமே மதிப்பெண் ஏறியது. சராசரி ஏற்றம் 84 சதவீதம். ஒப்பிடுவதற்காக வைத்திருந்த, பயிற்சி செய்யாத வேறு பிள்ளைகளுக்கு ஏறவில்லை. எந்த மூக்கு என்பது அங்கே எடுபடவேயில்லை. அதனால் ஹாலுக்குள் போகும் பிள்ளையின் மூக்கை ஆராய வேண்டாம். பத்து நாள் முன்பிருந்தே காலையில் கொஞ்ச நேரம் மூச்சோடு உட்கார வையுங்கள்.

7. மாறி மாறி மூச்சு விடும் நாடி சுத்தி செய்யும் முறை: வெறும் வயிற்றில், முதுகு நிமிர்ந்து உட்காருங்கள். வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்குங்கள். கட்டைவிரல் வலது மூக்குக்கு. மோதிர விரலும் சுண்டு விரலும் இடது மூக்குக்கு. எலும்பு முடிந்து மெத்தென்று தொடங்கும் இடத்தில் தொட்டால் போதும், அமுக்கி மூக்கை வளைக்காதீர்கள். இடதில் நாலு எண்ணி இழுத்து, வலதில் நாலு எண்ணி விடுங்கள். அப்புறம் வலதில் இழுத்து இடதில். இது ஒரு சுற்று. ஐந்தாறு சுற்றில் தொடங்கலாம். பழகியபின் விடும் மூச்சை எட்டாக நீட்டுங்கள். இழுப்பது, அடக்குவது, விடுவது 1:4:2 என்று கும்பகம் (மூச்சை அடக்குவது) சேர்த்துச் செய்வதை ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள் மூச்சை அடக்கவே வேண்டாம்.

8. பி.பி. இருப்பவர்கள் வலது மூக்கில் மட்டும் மூச்சு விடும் சூரிய நாடியைத் தொட வேண்டாம். 1994இல் வெளியான பெங்களூர் ஆய்வில் ஒரு மாதம் வலது மூக்குப் பயிற்சி செய்தவர்களின் ஆக்சிஜன் செலவு 37 சதவீதம் கூடியிருந்தது. (இடது மூக்கு அணிக்கும் 24 கூடியது. இடது குளிர்ச்சி, வலது சூடு என்று கறாராகப் பிரிப்பவர்கள் இதைச் சொல்வதில்லை.) புதுச்சேரி ஜிப்மரில் 22 ரத்த அழுத்த நோயாளிகளை இடது மூக்கால் 27 சுற்று மூச்சுவிடச் செய்ததில், சில நிமிஷங்களிலேயே துடிப்பும் மேல் அழுத்தமும் இறங்கின. 2012இல் அது வெளிவந்தது. சிறிய ஆய்வு. மாத்திரையை நிறுத்தச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

9. படிக்கும்போது பிள்ளை வாய் திறந்து மூச்சு விடுகிறதா என்று பாருங்கள். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வில் (2016), மூக்கால் மூச்சை உள்ளே இழுக்கும் நேரத்தில் பார்த்த படங்கள் நன்றாக நினைவில் நின்றன. வாயால் இழுத்தபோது அந்தப் பலன் இல்லை.

10. இடவப்பாதி மழை தொடங்கினால் தலையணை, மெத்தை, அலமாரி எல்லாம் பூஞ்சை. நாடி சுத்திக்கு உட்காரும் முன்பே மூக்கு அடைபடுகிறது. வெயில் அடித்த அன்றைக்கே தலையணைகளை மொட்டை மாடிக்கு ஏற்றுங்கள். மின்விசிறி இறக்கைகளை ஈரத்துணியால் துடையுங்கள். தலைக்குக் குளித்த பிறகு உச்சியில் ஒரு சிட்டிகை ராஸ்நாதிப் பொடி தேய்ப்பது இந்த ஊர்ப் பழக்கம், நீர்க்கோர்வைக்காரர்கள் விடுவதில்லை. ஆவி பிடிக்கும் பாத்திரத்தைச் சின்னப் பிள்ளையின் மடியிலோ கட்டிலிலோ வைக்காதீர்கள்.

11. மூக்கைக் கழுவும் ஜலநேதிக்குக் குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், குளத்துத் தண்ணீர் எதையும் அப்படியே எடுக்காதீர்கள். இந்தப் பட்டியலில் இதைத்தான் கண்டிப்பாகச் சொல்வேன். அமீபா மூளைக்காய்ச்சல் குடிநீரால் வருவதில்லை, மூக்கு வழியாக ஏறும் நீரால் வருகிறது, பிழைப்பது அரிது. 2024இல் நெய்யாற்றின்கரைப் பக்கம் குளத்து நீரோடு தொடர்புள்ளதாகச் சொல்லப்பட்ட பாதிப்புகளும் ஒரு இளைஞரின் சாவும் நமக்கு நினைவிருக்கும். தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஒரு நிமிஷமாவது தளதளவென்று கொதித்தபின் மூடி ஆறவிடுங்கள். கால் லிட்டருக்கு, அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக, அயோடின் சேர்க்காத உப்பு. நேதிக் கெண்டியையும் கொதித்த நீரிலேயே கழுவிக் காய வையுங்கள்.

12. ஒரே பக்கம் வாரக்கணக்கில் அடைத்தே இருந்தால், அந்தப் பக்கமிருந்து ரத்தமோ நாற்றமோ வந்தால், அது சரம் மாறும் விஷயம் அல்ல. நடுத்தண்டு வளைவாகவோ சதை வளர்ச்சியாகவோ வேறேதுமாகவோ இருக்கலாம்; காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். மருந்துக்கடையில் வாங்கும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்து விட்டால், அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கத் தொடங்கிவிடும்.