கட்டிய தமனியும் அடங்காத பையும்

தாமிரபரணி கடலொடு கலக்கும் புன்னைக்காயல், முத்துக்குளித்துறையின் பழம்பதிகளுள் ஒன்று. 16-ஆம் நூற்றாண்டில் இயேசு சபையினராகிய அண்டிரிக் அடிகளார் பிணியாளர்க்கென மருத்துவமனை நிறுவியதும் இவ்வூரிலேயாம். ஆற்றின் பெருங்காலை மறித்தாலும், சிற்றோடைகள் வழியே நீர் பள்ளத்துட் புகுதலைக் கழிமுகத்தில் வாழ்வோர் நன்கறிவர். நம் காலினுள்ளும் அத்தகையதொரு நிகழ்ச்சி உண்டு. அதனை ஈண்டு ஆராய்வாம்.

முழங்காலின் பின்குழியில் ஓடும் தமனியின் சுவர் நலிந்து, பைபோற் புடைப்பதுண்டு. பெரும்பாலும் முதிய ஆடவர்க்கே இந்நோய் நேரும். முன்னாளில் காலைத் துணித்தல், அல்லது பையையே திறத்தல் என்னும் அபாயமான வழிகளே இருந்தன. 1785 டிசம்பரில், இலண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில், ஜான் ஹண்டர் என்பார் வண்டிக்காரன் ஒருவனுக்குத் தொடையிலேயே தமனியைக் கட்டினார். பக்கக் கிளைகள் இரத்தம் ஊட்டக் கால் பிழைத்தது. இக்காலத்தார் புடைப்பின் மேலும் கீழும் தமனியைக் கட்டி, நோயாளியின் சிரையொன்றைக்கொண்டு புதுவழி அமைப்பர்.

ஆயினும், காலைக் காத்த அக்கிளைகளே சிலர்க்குப் பகையாகின்றன. பையை உள்ளேயே விட்டால், கிளைகள் வழியே இரத்தம் புகுந்து, ஆண்டுகள் பல கழிந்தும் அது பருக்கலாம். அக்குழி குறுகியது, நரம்பும் சிரையும் தமனியை அடுத்தே செல்வன. ஆதலின் நரம்பு நெருக்குண்டு, உள்ளங்கால் மரக்கும், கெண்டைக்கால் நோகும், பாதம் வலுவிழக்கும். சிரை நெருக்குண்டாற் கால் வீங்கும்.

இதில் ஏமாறுதல் எளிது. புதுவழியில் இரத்தம் செவ்வனே ஓடுதலால் பாதத்தில் நாடி நன்கு துடிக்கும். அதுகண்டு, முதுமையின் நோவென்று வாளா இருத்தல் ஆகாது. மரத்த காலை நீரிழிவென்றோ தொழுநோயென்றோ ஆராயாது துணிதலும் பிழையே. பழைய அறுவையின் தழும்பு இருப்பின், மீயொலிப் படத்தால் பையையும் நோக்குதல் வேண்டும்.

பரிகாரம் யாதெனின், குழியைத் திறந்து, பையை வெறுமையாக்கி, கிளைகளின் வாய்களை உள்ளிருந்தே தைத்தலாம். 1888-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து ருடால்ப் மடாஸ், கைத்தமனிப் புடைப்பொன்றில் இம்முறையைக் கையாண்டார். நெருக்கம் நெடிது நீடிப்பின் நரம்பு முற்றும் மீளாது போகலாம்.

மாணவ நண்பர்களே! நும் இல்லத்து முதியோர்க்கு இவ்வறுவை நிகழ்ந்திருப்பின், "நாடி துடிக்கின்றதா?" என்பதனோடு அமையாது, "பை என்னவாயிற்று?" என்றும் மருத்துவரை வினவுக. அவ்வொரு வினா ஒரு காலின் வலிமையைக் காத்தல் கூடும்.