ஊர்ப் பள்ளியும் ஊரார் பொறுப்பும்

நூல் விலை, நெசவுக் கூலி, பயிர்க் கடன் ஆகியவற்றைப் பற்றிச் சங்கக் கூட்டத்தில் நம் அங்கத்தினர்கள் கணக்குடன் பேசுகின்றனர். ஆனால், தம் பிள்ளைகள் பயிலும் பள்ளியைப் பற்றியும், அங்கு நடந்து செல்லும் வழியைப் பற்றியும் திண்ணையில் குறை கூறுவதோடு நின்றுவிடுகின்றனர். திண்ணைப் பேச்சு தீர்மானமாக மாறினாலன்றிக் காரியம் கைகூடாது. இதுவே இம்மாதப் பாடம்.

இதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1956இல் பள்ளிகளில் மதிய உணவு ஊராரின் நன்கொடையைக் கொண்டே தொடங்கிற்று. பொதுக் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. பள்ளியின் தேவைகளைப் பட்டியலிட்டு, இடம், கட்டடம், பலகை, சீருடை என இயன்றதை ஊரார் ஏற்றுக்கொண்டனர்.

அன்று விருப்பத்தால் செய்ததற்கு இன்று சட்டமும் துணை நிற்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நாற்பங்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். குழுவினரில் பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுப்பதும், மானியம் செலவாகும் விதத்தைக் கண்காணிப்பதும் இக்குழுவின் கடமைகள்.

காவல் என்பது திருடனைத் தடுப்பது மட்டுமன்று. கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளைத் தரைமட்டம் வரை நிரப்ப வேண்டுமென உச்சநீதிமன்றம் 2010இல் நெறி வகுத்தது. ஆயினும் 2019 அக்டோபரில், மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை அத்தகைய கிணற்றில் விழுந்து மாண்டது. விதி ஏட்டில் இருந்தால் போதாது. அதைத் தம் ஊருக்குள் கொண்டுவருவோர் வேண்டும்.

அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை வருமாறு:

1. பிள்ளைகள் செல்லும் வழியை ஒருமுறை நடந்து பார்த்து, மூடாத கிணறு, எரியாத விளக்கு, உடைந்த பாலம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்க.

2. ஊரார் தாமே செய்யக்கூடியவை இவை, ஊராட்சி செய்ய வேண்டியவை இவை எனப் பிரிக்க.

3. ஊராட்சிக்குரியவற்றைக் கிராம சபையில் எழுத்து மூலம் அளித்துத் தீர்மானமாகப் பதியச் செய்க.

4. திரட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் இரசீது கொடுத்து, வரவு செலவைப் பள்ளிச் சுவரில் ஒட்டுக.

5. அடுத்த கூட்டத்தில் முடிந்தது எது, முடியாதது எது என்று படித்துக் காட்டுக.

கணக்கு, தீர்மானம், தொடர்ந்த கவனம் ஆகிய மூன்றும் சங்கம் நமக்குப் பழக்கிய கருவிகள். தறிக்கும் வயலுக்கும் பயன்பட்ட அவை நம் குழந்தைகளுக்கும் பயன்படட்டும்.