வீட்டுத் தோட்டத்துப் பூச்சிக்கு வேலி இல்லை



மணிலாவுக்கும் நெல்லுக்கும் பட்டம் பார்த்து, விதை பார்த்து, உரம் பார்த்துப் பாடுபடுகிறோம். ஆனால் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஐந்து சென்ட் இடத்தைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 300 கிராம் காய்கறி தேவை என்பது ஊட்டச்சத்து வல்லுநர்களின் பரிந்துரை. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு இது நாளுக்கு ஒன்றரை கிலோ, மாதத்துக்கு 45 கிலோ ஆகிறது. இவ்வளவையும் சந்தையில் வாங்குவது சிறு விவசாயிக்கு எளிதன்று. கிணற்றடி நீரையும் தொழு உரத்தையும் கொண்டு இதில் பெரும்பகுதியை நாமே விளைவித்துக்கொள்ளலாம்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் தாய்மார்களைச் சந்திக்கும்போதெல்லாம் நான் கேட்பது இரண்டு கேள்விகள். என்ன காய்க்கிறது? என்ன தொல்லை? முதல் கேள்விக்கு விடை வீட்டுக்கு வீடு மாறும். இரண்டாவது கேள்விக்கு ஒரு தெரு முழுவதும் ஒரே விடைதான் வரும். இதன் காரணத்தை நானே சற்றுத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

ஒரு கத்தரிப் பாத்தி கற்பித்த பாடம்

மயிலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஓர் அம்மையாரின் கத்தரிச் செடிகளில் நுனிக் குருத்துகள் வாடித் தொங்கின. தண்டு மற்றும் காய்த்துளைப்பான் என்று சொல்லி, வாடிய நுனிகளை வாரந்தோறும் கிள்ளி அழிக்கும்படி கூறிவந்தேன். ஒரு மாதம் கழித்துச் சென்றபோது அவர் ஒரு காயை அரிந்து காட்டினார். உள்ளே புழு இருந்தது. "நீங்க சொன்னபடி வாரா வாரம் கிள்ளினேன் சார். அப்படியும் இப்படித்தான் இருக்கு" என்றார்.

அவர் சொன்னதில் குறை இல்லை. என் யோசனையில்தான் குறை. வேலிக்கு அப்பால் பார்த்தேன். பக்கத்து வீட்டில் சென்ற பட்டத்துக் கத்தரி மார்களை அடுப்புக்காக அடுக்கி வைத்திருந்தார்கள். அதற்கடுத்த வீட்டில் சொத்தைக் காய்களைக் குப்பைக் குழியோரம் கொட்டியிருந்தார்கள். அந்துப்பூச்சிகள் அங்கிருந்து வந்துகொண்டேயிருந்தன. ஏக்கர் கணக்கில் கத்தரி பயிரிடும் வயலுக்கு ஏற்ற யோசனையை ஐந்து சென்ட் தோட்டத்துக்குச் சொல்லியிருந்தேன். வீட்டுத் தோட்டத்தைப் பொறுத்தவரை தெரு முழுவதும் ஒரே தோட்டம் என்றே கொள்ள வேண்டும்.

காய்த்துளைப்பானின் வாழ்க்கை

தாய் அந்துப்பூச்சி இலையின் அடிப்புறத்தில் தனித்தனியாக முட்டையிடும். வெளிவரும் புழு சில மணி நேரத்தில் இளங்குருத்தையோ காயையோ துளைத்து உள்ளே போய்விடும். உள்ளே போன புழுவை எந்தத் தெளிப்பும் சரிவர எட்டாது. வளர்ந்த புழு வெளியே வந்து சருகிலும் மண்ணின் மேற்பரப்பிலும் கூட்டுப்புழுவாகும். ஆகவே கட்டுப்பாடு என்பது கீழ்க்கண்ட நான்கு வேலைகளில் அடங்கும்.

1. வாரம் ஒருமுறை, எல்லா வீடுகளிலும் ஒரே நாளில், வாடிய நுனிகளைத் துளைக்குக் கீழே ஓர் அங்குலம் சேர்த்து வெட்டி எடுக்க வேண்டும்.

2. வெட்டிய நுனிகளையும் சொத்தைக் காய்களையும் குப்பையில் போடக்கூடாது. சோப்பு நீர் உள்ள வாளியில் மூழ்கவைத்து, பிறகு ஆழமாகப் புதைக்க வேண்டும்.

3. காய்ப்பு ஓய்ந்த செடிகளை வேரோடு பிடுங்கி உடனே அப்புறப்படுத்த வேண்டும். அடுப்புக்கு வேண்டுமென்று வேலியோரம் அடுக்கி வைக்கக்கூடாது.

4. ஏக்கருக்கு ஐந்து என்ற அளவில் இனக்கவர்ச்சிப் பொறி வைக்கலாம். அதாவது ஐந்து சென்ட் கொண்ட நான்கு வீடுகளுக்கு ஒரு பொறி போதும். இதில் ஆண் பூச்சி மட்டுமே விழும். பூச்சியின் நடமாட்டத்தை அறியவும் ஓரளவு குறைக்கவும் இது உதவும். மற்ற மூன்று வேலைகளையும் விட்டுவிட்டுப் பொறியை மட்டும் நம்பக்கூடாது.

பட்டமும் பயிரும்

ஆடிப்பட்டத்தில் வெண்டை, கத்தரி, கொத்தவரை, பாகல், புடலை, பந்தல் அவரை ஆகியவற்றை விதைக்கலாம். பந்தல் அவரை ஆடியில் ஊன்றினாலும் பகல்பொழுது குறையும் பனிக்காலத்தில்தான் நன்கு பூக்கும்; கொடி மட்டும் வளர்கிறதே என்று பிடுங்கிவிடாதீர்கள். தைப்பட்டத்துக்குத் தக்காளி, கத்தரி, வெண்டை, சுரை, வெள்ளரி, கீரை வகைகள் ஏற்றவை. கத்தரியில் அருகிலுள்ள பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பி.எல்.ஆர். 1 இரகம் நம் பகுதிக்கு நன்கு பழகியது. கத்தரி நாற்றை 30 முதல் 35 நாளில் இரண்டடிக்கு இரண்டடி இடைவெளியில் நடலாம். வெண்டை ஒன்றரை அடிக்கு ஓர் அடி போதும். 45 நாள் முதல் ஒன்றுவிட்ட ஒருநாள் பறிக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடிகாலே முதல் வேலை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. ஓர் ஆண்டு முழுவதும் நமக்குக் கிடைக்கும் மழையில் இது ஏறக்குறைய பாதி. அத்தகைய வெள்ளத்தை எந்தப் பாத்தியும் தாங்காது. ஆனால் வழக்கமான அடைமழையைத் தாங்க அரை அடி உயர மேட்டுப்பாத்தி போதும். நீர் தேங்கினால் மிளகாய், தக்காளி, கத்தரி இவற்றின் வேர் மூச்சுத் திணறி அழுகும். விதை முழுவதையும் ஒரே தடவையில் தூவிவிடாமல், மறு நாற்றங்காலுக்கென்று ஒரு பங்கை எடுத்து வையுங்கள்.

மற்ற தொல்லைகள்

வெண்டையில் நரம்புகள் மஞ்சளாகி, காய் வெளுத்தால் அது மஞ்சள் நரம்புத் தேமல் நோய். இது வெள்ளை ஈயால் பரவும் நச்சுயிரி நோய். வந்த செடியைக் குணப்படுத்த மருந்து கிடையாது. முதல் மாதத்தில் நோயுற்ற செடியைக் கண்டதும் பிடுங்கிப் புதைத்துவிட வேண்டும். பர்பானி கிராந்தி, அர்க்கா அனாமிகா போன்றவை எதிர்ப்புத் திறன் கொண்டவையாக வெளிவந்த இரகங்கள்; நாளடைவில் பல இடங்களில் அத்திறன் குறைந்துள்ளதால் இரகத்தை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. காலி டப்பாவுக்கு மஞ்சள் வண்ணம் பூசி, விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் தொங்கவிட்டால் வெள்ளை ஈக்கள் ஒட்டிக்கொள்ளும்.

பாகல், புடலைப் பிஞ்சுகள் கோணி, பழுத்து, அழுகி உதிர்ந்தால் அது பழ ஈயின் வேலை. உதிர்ந்த பிஞ்சுகளை நாள்தோறும் பொறுக்கி ஓர் அடிக்கு மேல் ஆழத்தில் புதைக்க வேண்டும். பிஞ்சுகளுக்குக் காகிதப் பை கட்டலாம். கவர்ச்சிப் பொறி வாங்கும்போது 'கியூலூர்' என்று கேட்டு வாங்குங்கள். மாமரத்துக்கு வைக்கும் மெத்தில் யூஜினால் பாகல் ஈயைக் கவராது.

அவரையில் அசுவினி, கத்தரியில் தத்துப்பூச்சி இவற்றுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் நல்லது. 50 கிராம் பருப்பை இடித்துத் துணியில் கட்டி, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்துப் பிழிந்து, ஒரு கிராம் காதி சோப்பு கரைத்து, மாலையில் இலையின் அடிப்புறம் படும்படி தெளிக்க வேண்டும். ஆனி, ஆடியில் உதிரும் வேப்பம்பழங்களைப் பொறுக்கி நிழலில் உலர்த்தி வையுங்கள். மூன்று முதல் எட்டு மாதம் வரை வைத்திருந்த கொட்டையில் வீரியம் நன்றாக இருக்கும்.

பப்பாளியில் மாவுப்பூச்சி கண்டால் பதற வேண்டாம். 2008இல் கோயம்புத்தூரில் தோன்றிய பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளி, மல்பெரி, கத்தரி என்று பலவற்றையும் தாக்கியது. மருந்து தெளித்தும் அது அடங்கவில்லை. 2010இல் அசெரோஃபேகஸ் பப்பாயே என்னும் சிறு ஒட்டுண்ணிக் குளவி வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டுத் தமிழகமெங்கும் விடப்பட்டது. அதன் பிறகே மாவுப்பூச்சி தணிந்தது. கண்மூடித்தனமாகத் தெளித்தால் முதலில் சாவது இத்தகைய நண்பன்தான்.

வயல் மருந்து அடுப்படிக்கு வேண்டாம்

மணிலாவுக்குத் தெளித்தது போக எஞ்சிய மருந்தைக் காலையில் அவரைப் பந்தலில் தெளித்துவிட்டு, மாலையில் குழம்புக்குப் பறிக்கப்போன வீட்டை நான் பார்த்திருக்கிறேன். நல்லவேளையாகக் கேட்டார்கள், பறிக்காமல் தடுக்க முடிந்தது. ஒவ்வொரு மருந்துக்கும் தெளித்த பின் இத்தனை நாள் கழித்தே அறுவடை செய்யலாம் என்ற காத்திருப்புக் காலம் உண்டு. ஒன்றுவிட்ட ஒருநாள் பறிக்கும் வெண்டையில் அதை எப்படிக் கடைப்பிடிக்க முடியும்? வீட்டுத் தோட்டத்துக்கு வயல் மருந்து பொருந்தாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். மோனோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிகளில் பயன்படுத்துவது 2005ஆம் ஆண்டிலேயே தடைசெய்யப்பட்டது. 2013 ஜூலையில் பீகார் மாநிலத்தில் சமையல் எண்ணெய் வழியாக இம்மருந்து மதிய உணவில் கலந்து 23 பள்ளிக் குழந்தைகள் உயிரிழந்தனர். காலி மருந்துப் புட்டியில் எண்ணெயோ தண்ணீரோ ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். அதைத் துளையிட்டு, மறுபடியும் பயன்படாதபடி செய்து அப்புறப்படுத்துங்கள்.

தெருவுக்கு ஒரு நோட்டு

ஊர்தோறும் மகளிர் சுய உதவிக் குழுக்கள் சேமிப்புக்காகக் கூடுகின்றன. அக்கூட்டத்தில் கால்மணி நேரத்தைத் தோட்டத்துக்கு ஒதுக்குங்கள். பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளையிடம் நோட்டைக் கொடுத்து, விதைத்த நாள், முதல் காய் பறித்த நாள், கண்ட பூச்சி, செய்த வேலை, பலன் என்ற ஐந்தையும் வீடுவாரியாக எழுதச் சொல்லுங்கள். "எங்க வீட்டுப் பாகல்ல பிஞ்சு உதிருது அக்கா" என்று ஒருவர் சொன்னதும் அடுத்த வீட்டார் தம் பந்தலைப் போய்ப் பார்ப்பார். மிஞ்சிய நாற்றைப் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் பூச்சி உள்ள வீட்டிலிருந்து நாற்று வாங்காதிருக்கவும் இந்த நோட்டு உதவும். இரண்டு பட்டம் எழுதினால் உங்கள் தெருவில் எந்தப் பூச்சி எந்த மாதம் வரும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

நான் முன்பு குறிப்பிட்ட தெருவிலும் இதைத்தான் செய்தோம். அடுப்புக்கு அடுக்கிய மார்களை முதலில் அகற்றினோம். பிறகு சனிக்கிழமைதோறும் எல்லா வீட்டிலும் நுனி கிள்ளினார்கள். புழு அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஆனாலும் அடுத்த பட்டத்தில் அந்த அம்மையார் எனக்கு அரிந்து காட்டிய காய்களில் பெரும்பாலானவை வெள்ளையாக இருந்தன.

தீராத தொல்லை ஏதேனும் இருந்தால், தாக்கப்பட்ட தழையையும் காயையும் மூடிய பையில் போட்டு எடுத்துக்கொண்டு, திண்டிவனத்தில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரையோ அணுகுங்கள். போகும்போது அந்த நோட்டையும் மறக்காமல் கொண்டு செல்லுங்கள்.